பதினைந்து எழுத்துகளின் வெளிச்சம்

அவையோருக்கு வணக்கம்.

விவிலியத்தின் தானியேல் ஆகமம், 5ஆம் அதிகாரம். பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார் ஆயிரம் பிரபுக்களுக்கு விருந்து வைக்கிறான். எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளையிட்டு வந்த பாத்திரங்களில் மது ஊற்றிக் குடிக்கிறார்கள். அந்நேரம் ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது. இந்தக் காட்சியை 1630களில் ஆம்ஸ்டர்டாமில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்தார். உயரம் சுமார் 168 செ.மீ., அகலம் 209. இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது.

ஆயிரம் பேரைத் தேடாதீர்கள். முகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூட்டத்தைச் சுருக்கியதால்தான் அரசனின் திடுக்கிடல் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. பின்னால் இருட்டில் ஒருவர் குழல் ஊதிக்கொண்டே இருக்கிறார். செய்தி அங்கே இன்னும் எட்டவில்லை!

அரசனின் மேலங்கியில் தங்க ரேக்கு ஒட்டவில்லை. பழுப்பு அடிப்பூச்சின்மேல் ஈய-வெள்ளீய மஞ்சளைக் குழைத்து அப்பியிருக்கிறார். அந்த மேடுகள் அறையின் வெளிச்சத்தையே பிடித்துத் திருப்பித் தருகின்றன. கிட்டே போனால் வெறும் வண்ணக் கட்டிகள். நாலடி பின்வாங்கினால் மணிகள் பதித்த சரிகை.

வலப்பக்கப் பெண்ணின் கையிலிருந்து கொட்டும் மதுவைக் கவனியுங்கள். நேராக விழாமல் சாய்ந்து விழுகிறது. குற்றம் ஓவியருடையதன்று. பிற்காலத்தில் ஓவியத் துணியின் ஓரங்களை வெட்டியபோது படமே சற்றுத் திருகிவிட்டது.

இனி அந்தக் கை சுவரில் எழுதும் எழுத்துகள். 'மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்' (எண்ணப்பட்டது, எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது): எபிரேய லிபியில் மொத்தம் 15 எழுத்து. வழக்கம்போல வலமிருந்து இடமாகப் படித்தால் பொருளே வராது. மூன்று மூன்றாக ஐந்து செங்குத்துப் பத்திகள். மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். பாபிலோன் ஞானிகளால் ஏன் வாசிக்க முடியவில்லை என்பதற்கு யூத மரபு சொல்லும் விளக்கங்களில் இது ஒன்று. ஆம்ஸ்டர்டாம் ரபி (யூத மதகுரு) மெனாசே பென் இஸ்ரேல் 1639இல் வெளியிட்ட நூலிலும் இதே அடுக்கு உண்டு. ரெம்பிராண்டுக்கு அவர் வழியாகவே இது கிடைத்தது என்பது அறிஞர் பலரின் முடிவு.

ஆனால் கடைசி எழுத்தில் பிசகு. சொல்லின் இறுதியில் வரும் 'நூன்' என்ற எபிரேய எழுத்து வரிக்குக் கீழே கால் நீட்டி இறங்க வேண்டும். ரெம்பிராண்ட் காலைக் குறுக்கிவிட்டார். அது 'ஸயின்' என்ற வேறோர் எழுத்தாகிவிட்டது. நம் ரகரமும் துணைக்காலும் போல, ஒரு சிறு கோட்டில்தான் வேறுபாடு. இடக்கோடிப் பத்தியின் அடியில் பாருங்கள்: அந்தக் கை எழுதி முடிப்பதும் அதே எழுத்தைத்தான்.