ஒன்றும் இல்லை என்றாலும் சொல்ல வேண்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம் எங்கள் ஊர். மறுநாள் கடல் எப்படி இருக்கும் என்று மாலை ஆறு மணிக்கு அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் வாசிப்பது என் வேலை. சம்பளம் கிடையாது. 18 வருடமாக வாசிக்கிறேன்.

2004 டிசம்பர் 26 உங்களுக்கு மறந்திருக்காது. சுமத்ராவில் பூமி அதிர்ந்தபோது நம் நேரம் காலை 6.28. அலை நம் கரைக்கு வர அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் எங்கள் ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. மீன் எடுக்கக் கரைக்குப் போன என் சித்தி திரும்பி வரவில்லை.

எங்களுக்கு வடக்கே, புதுச்சேரிக் கரையில் நல்லவாடு இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் பூட்டிக் கிடந்த தகவல் மையத்தை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. 3,000 பேருக்கு மேல் உயிர் தப்பினார்கள்.

இதைக் கேள்விப்பட்ட நாள் முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒலிபெருக்கி எங்கள் ஊரிலும்தான் இருந்தது. திருவிழாவுக்குப் பாட்டுப் போடுவோம். அன்று அதில் யாராவது 'ஓடுங்கள்' என்று கத்தியிருந்தால் சனம் நம்பியிருக்குமா?

நல்லவாட்டில் நம்பினார்கள் என்றால் அதற்குப் பின்னால் பல வருட வேலை இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் வில்லியனூரை நடுவாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. நல்லவாட்டு மையமும் அவற்றில் ஒன்று. வீராம்பட்டினம் என்ற இன்னொரு மீனவர் ஊரில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஊர்ப்பிள்ளைகளே ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இன்று அலை இவ்வளவு, நாளை இவ்வளவு என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் அவை. அந்தக் குழாயிலிருந்து வருவது பொய்யாகாது என்பது ஊருக்கு முன்பே தெரியும்.

மைக்கைப் பிடிப்பதற்கு முன் நான் பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். எதற்குப் படித்தோம், யாருக்கு நாம் வேண்டும் என்று பாயில் கிடந்து யோசித்த காலம். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. பெரியப்பா மூலமாகக் கேட்டு மைக்கை வாங்கினேன். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் முன்னறிவிப்பைப் பார்த்து வாசித்தேன்: 'அலை உயரம் 1.8 மீட்டர்.'

மறுநாள் வலை பின்னிக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் கூப்பிட்டார். "ஏம்மா, மீட்டருன்னா எனக்கு என்னா தெரியும்? ஆள் உயரமா, அரை ஆளான்னு சொல்லு. நீவாடு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சொல்லு." நீவாடு என்றால் கடல் நீரோட்டம். படகு தள்ளுகிறவருக்குப் புரியும்படி சொல்ல அவரிடம்தான் படித்தேன். வாடை, கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியதும் அவரிடமிருந்துதான்.

இன்னொரு பாடமும் உண்டு. பங்குனியில் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. சொல்ல என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் மைக்கை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கருவாடு காயப்போடும் ஒரு அக்கா வாசலில் வந்து நின்றார். "ஒண்ணும் இல்லன்னா, ஒண்ணும் இல்லன்னு சொல்லணும்ல? சத்தம் வரலன்னா என்னாவோ ஏதோன்னு இருக்கு." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் குரலுக்காக ஒரு வீடு காத்திருந்தது என்பதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போது ஆளுக்கொரு போன் இருக்கிறதே, மைக் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போனில் வருவதை ஒருவர் தனியாகப் பார்க்கிறார், 'பரவாயில்லை, போய்விடலாம்' என்று தனியாக முடிவு செய்கிறார். ஒலிபெருக்கியில் சொன்னால் அவர் அம்மாவுக்கும் கேட்கும், மனைவிக்கும் கேட்கும். நாளைக்கு ஐஸ் வாங்குவதா, யாரிடமாவது கைமாற்று கேட்பதா என்று கூடை தூக்கும் பெண்களுக்கும் அந்த நேரத்திலேயே தெரிந்துவிடும். நாலு பேர் தடுத்தால் படகு நிற்கும். நின்றிருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது பத்தாம் வகுப்பு முடித்த இரண்டு பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தேன். அதில் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, ஆள் உயரம்னா யார் உயரம்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. தாத்தாவிடம் அழைத்துப் போனேன். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. அந்தப் பெண்ணை ஈர மணலில் தன் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, கடலைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். பிறகு தன் உச்சந்தலையில் கையை வைத்துக் காட்டினார்.