முட்டையம்மா: ஈடித் மாஸியின் கதை

[காட்சி: 'பிங்க் ஃபிளமிங்கோஸ்', 1972]

குழந்தைகளை உட்காரவைக்கும் தடுப்புத் தொட்டி. அதற்குள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், வெறும் உள்ளாடையோடு. பல்வரிசை தாறுமாறு. முட்டைக்காரர் எப்போது வருவார் என்று ஓயாமல் நச்சரிக்கிறார். கடைசியில் அந்த முட்டைக்காரரே அவரைக் கல்யாணம் செய்து, கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்!

யார் இந்த அம்மா?

ஈடித் மாஸி. 1918-இல் பிறந்தவர். அமெரிக்காவின் பால்டிமோரில், ஃபெல்ஸ் பாயின்ட் என்ற துறைமுகப் பகுதியில் ஒரு மதுக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்தார். அங்கேதான் இயக்குநர் ஜான் வாட்டர்ஸின் கண்ணில் பட்டார். 'மல்டிபிள் மேனியாக்ஸ்' (1970) படத்தில் அதே வேலையைச் செய்யும் பெண்ணாக வந்தார். அதே படத்தில் மேரி மாதாவாகவும் வந்தார். அந்தத் துணிச்சல் வாட்டர்ஸுக்குத்தான் வரும்.

[காட்சி: நள்ளிரவுக் காட்சிக்கு நிற்கும் வரிசை]

வாட்டர்ஸின் 'பிங்க் ஃபிளமிங்கோஸ்' 16 எம்எம் ஃபிலிமில், சுமார் 10,000 டாலரில் எடுத்த படம். நள்ளிரவுக் காட்சிகளில்தான் அதற்குக் கூட்டம் சேர்ந்தது. நாயகி, பெண் வேடமிட்டு நடித்த டிவைன் என்ற நடிகர்தான். ஆனாலும் முட்டை என்றால் ரசிகர்களுக்கு ஈடித் ஞாபகம்தான்.

சரி, நன்றாக நடித்தாரா? வழக்கமான அளவுகோலில் இல்லை. வசனம் மனதில் நிற்காது. நின்றதை ராகம் போட்டு இழுப்பார். வாட்டர்ஸ் அவரைக் கேலிப்பொருளாக்கினார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'டெஸ்பரேட் லிவிங்' (1977) படத்தில் கொடுங்கோல் ராணியாக உத்தரவு போடும் இடத்தைப் பாருங்கள். அந்தக் குரலில் கூச்சம் துளியும் இல்லை. தேர்ந்த நடிகை செய்திருந்தால் அது வெறும் நகைச்சுவைக் காட்சியாகப் போயிருக்கும்.

[காட்சி: பழைய பொருள் கடை]

பிழைப்புக்கு ஃபெல்ஸ் பாயின்டில் பழைய துணிமணி, தட்டுமுட்டுச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். ரசிகர்கள் அங்கேயே தேடி வந்துவிடுவார்கள். அப்புறம் 'ஈடி அண்ட் தி எக்ஸ்' (Eggs, அதாவது முட்டைகள்) என்று ஒரு பங்க் ராக் இசைக்குழு வேறு! பிறகு கலிஃபோர்னியாவின் வெனிஸுக்குக் குடிபோனார். அங்கேயும் ஒரு கடை. 1984-இல், 66 வயதில் இறந்தார்.

வாட்டர்ஸோடு அவர் செய்த படங்கள் ஐந்து. புதிதாகப் பார்ப்பவர்கள் தயவுசெய்து 'பிங்க் ஃபிளமிங்கோஸில்' ஆரம்பிக்காதீர்கள். அதன் கடைசிக் காட்சி சாப்பாட்டையே வெறுக்க வைக்கும். 'பாலியெஸ்டர்' (1981) பாருங்கள். திடீர்ப் பணக்காரியாகும் வேலைக்காரி கடில்ஸ், ஈடித்தான்.