மார்த்தாள் கேட்ட அதே கேள்வி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூன்று மாதமாக வீடியோ எதுவும் வரவில்லை, என்ன ஆச்சு என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். என் அண்ணன் இறந்துவிட்டான். இந்த ஒரு வரியைச் சொல்ல நாலு தடவை ரெக்கார்ட் பண்ணி நாலையும் அழித்துவிட்டேன், இது ஐந்தாவது. நடுவில் அழுதால் வெட்டமாட்டேன், அப்படியே போடப்போகிறேன்.

முதல் வாரம் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் சொன்னது ஒரே வசனம்: 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்.' நல்ல மனதோடுதான் சொன்னார்கள், எனக்குக் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருந்தது. ஒரு ராத்திரி தூக்கம் வராமல், அந்த வசனம் வருகிற பைபிளின் யோபு புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். அந்த வார்த்தையை யாரும் போய் யோபுவிடம் ஆறுதலாகச் சொல்லவில்லை, பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்தவர் தன் வாயாலேயே சொன்னது அது. அதே மனிதர் 3-ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், அந்த அதிகாரத்தை மட்டும் யாரும் எனக்கு அனுப்பவில்லை! அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்பேன், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் யோபுவையும் கேள்வி கேட்கிறார், ஆனால் 'எனக்குக் கோபம் மூளுகிறது' என்று சொன்னது அந்தச் சிநேகிதர்களைப் பார்த்து.

அப்புறம் யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கதை. மார்த்தாள், மரியாள் இருவரின் சகோதரன் லாசரு வியாதியாய் இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் இயேசு இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார், பெத்தானியாவுக்கு வந்து சேரும்போது கல்லறையில் வைத்து நாலு நாளாகிவிட்டது. மார்த்தாள் எதிர்கொண்டுபோய்க் கேட்கிறாள்: 'ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.' வீட்டிலேயே இருந்த மரியாளும் பிறகு வந்து அதையேதான் சொல்கிறாள். அக்காவும் தங்கையுமாக அந்த நாலு நாளும் இதைத்தான் பேசிப் பேசி அழுதிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இதையேதான் கேட்டேன், என்ன, எனக்கு இவ்வளவு மரியாதையாகக் கேட்க வரவில்லை.

இயேசு கூப்பிட்டதும் லாசரு கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்தான், என் அண்ணன் வரவில்லை. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், இதற்கு என்னிடம் அழகான பதில் கிடையாது. கடைசி நாளில் அவன் எழுந்திருப்பான் என்று விசுவாசிக்கிறேன், மார்த்தாளும் அதைத்தான் சொன்னாள், ஆனாலும் இன்றைக்குச் சாயங்காலம் அவன் நாற்காலி காலியாகத்தானே இருக்கிறது? நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்ன விஷயம். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவைக் கூப்பிடப்போகிறோம், அவன் வரப்போகிறான் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால், நான் அழுவதை விசுவாசக் குறைவு என்று யார் சொல்வது? அப்போஸ்தலர் பவுல்கூட தெசலோனிக்கே சபையாருக்கு எழுதும்போது நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதிருங்கள் என்கிறார், துக்கமே படாதீர்கள் என்று எழுதவில்லை.

ஜெபம் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். போகவில்லை. ஆலயத்தில் பாட்டுக்கு வாய் திறந்தால் தொண்டை அடைக்கிறது, அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுவிட்டு வருகிறேன். வீட்டில் படிப்பது பைபிளின் 88-ஆம் சங்கீதம். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் முடிவிலாவது ஒரு வெளிச்சம் எட்டிப்பார்க்கும், இதில் அதுவும் இல்லை, இருட்டிலேயே முடிந்துவிடும். ஆனால் ஆரம்பிக்கும்போது 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று கூப்பிட்டுத்தான் அதை எழுதினவர் ஆரம்பிக்கிறார், திட்டுவதென்றாலும் கர்த்தரைத்தான் திட்டுகிறார், வேறு யாரிடமும் போகவில்லை. எனக்கு இப்போதைக்கு அவ்வளவுதான் முடிகிறது. சில ராத்திரி அதுவும் முடியாது, 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுவேன்.

அடுத்த வாரம் வீடியோ வருமா என்று தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு இழப்பு நடந்திருந்தால், கீழே அவர்கள் பெயரை மட்டும் எழுதுங்கள், வசனம் எதுவும் வேண்டாம், நான் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.