ஸ்கூல் லைப்ரரியில தமிழ் அலமாரிய யாரு பாத்துக்கறாங்க?

[திரையில்: ஸ்டாம்ஃபர்ட் ரோடு, சிவப்பு செங்கல் கட்டடம், பழைய படம்]

வணக்கம். இந்தக் கட்டடம் கொஞ்சம் வயசான ஆளுங்களுக்கு டக்குன்னு தெரிஞ்சுடும், சிங்கப்பூரோட பழைய தேசிய நூலகம், 1960ல திறந்தாங்க, 2004ல மூடி அப்புறம் சுரங்கப்பாதைக்காக இடிச்சுட்டாங்க. அந்த வயித்தெரிச்சல இன்னொரு வீடியோல பேசலாம். இன்னைக்கு எனக்கு வேண்டியது அதோட ஆரம்பம். நம்ம தேசிய நூலகம் பொறந்ததே ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள தான். 1823ல, சிங்கப்பூர்ல பிரிட்டிஷ் குடியிருப்ப ஆரம்பிச்ச ராஃபிள்ஸ், ஒரு கல்விக்கூடத்துக்கு திட்டம் போட்டப்பவே அதுல நூலகமும் ஒரு பகுதியா இருந்துச்சு, பல வருஷம் இழுத்தடிச்சு 1845ல அந்தப் பள்ளிக் கட்டடத்துக்குள்ளயே சந்தா கட்டிப் படிக்கற சிங்கப்பூர் லைப்ரரி வந்துச்சு, 1874ல அரசாங்கம் எடுத்துக்கிட்டு ராஃபிள்ஸ் லைப்ரரி அண்ட் மியூசியம்னு ஆச்சு. அப்புறம் 1953ல தொழிலதிபர் லீ கோங் சியான் 375,000 வெள்ளி தர்றேன்னு சொன்னாரு, ஆனா சும்மா தரல, எல்லாருக்கும் இலவசமா இருக்கணும், உள்ளூர் மொழிகளுக்கும் இடம் இருக்கணும்னு கண்டிஷன் போட்டாரு. இன்னைக்கு விக்டோரியா ஸ்ட்ரீட்ல இருக்கற இப்போதைய தேசிய நூலகத்துல தமிழ்ப் புத்தகம் அடுக்கி இருக்கறதுக்கு அந்த கண்டிஷனும் ஒரு காரணம்.

ஆக ஸ்கூல்ல ஆரம்பிச்சது ஊர் முழுக்க பரவிடுச்சு. இப்ப தீவுல 25க்கு மேல பொது நூலகம் இருக்கு, ஒவ்வொண்ணும் ஷாப்பிங் மால் மாதிரி பளபளன்னு. சரி, ஸ்கூலுக்குள்ள இருக்கற லைப்ரரி என்ன ஆச்சு, அங்க உக்காந்திருக்கற ஆளு யாரு, அவங்க வேலை தான் என்ன?

[திரையில்: எம்ஆர்எல் (ஸ்கூல் லைப்ரரி) கதவு, பீன் பேக், அலமாரிகள்]

ஸ்கூல் லைப்ரரியன்னு சொன்னா புத்தகத்துல சாப், அதாவது முத்திரை, அடிக்கறவங்க, "உஷ்"னு சொல்றவங்க, இதான் நம்ம மண்டையில இருக்கு. சாப்பெல்லாம் எப்பவோ போயிடுச்சு, மெஷின்ல பிள்ளைங்களே ஸ்கேன் பண்ணிக்கறாங்க. மிச்சம் இருக்கறது தான் உண்மையான வேலை, ஆனா அது வெளிய தெரியாது.

ஒரு உதாரணம் சொல்றேன், கற்பனை தான், ஆனா தினமும் எங்கயாவது நடக்கறது. பிரைமரி 5 பையன், ரீசஸ்ல வந்து நிக்கறான். "ஆன்ட்டி, எனக்கு எந்த புக்கும் பிடிக்கல." சும்மா வேலை பாக்கறவங்க அலமாரிய கை காட்டிட்டு போயிடுவாங்க. வேலை தெரிஞ்சவங்க என்ன பண்ணுவாங்க, "சரிப்பா, கடைசியா யூடியூப்ல என்ன பாத்த?"னு கேப்பாங்க. அவன் ஏதோ ஃபுட்பால் கோல்கீப்பர் வீடியோன்னு சொல்வான். உடனே தடிமனான கதை புக்க நீட்டாம, கோல்கீப்பர் வாழ்க்கை வரலாறு, படம் நிறைய இருக்கறது, அத கையில குடுத்து "புடிக்கலன்னா நாளைக்கே திருப்பிக் குடு, ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னு அனுப்புவாங்க. அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம், ஏன்னா நிறைய பிள்ளைங்களுக்கு எடுத்தா முடிக்கணும், முடிச்சா ரிவ்யூ எழுதணும்னு பயம்.

இத 1931லயே நம்ம சீர்காழிக்காரர் ஒருத்தர் விதியாவே எழுதி வச்சுட்டாரு. எஸ். ஆர். ரங்கநாதன், மெட்ராஸ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவரு, 1924ல பல்கலைக்கழக நூலகரா போனவரு. அவரோட அஞ்சு விதியில ரெண்டு இது: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். உலகம் முழுக்க நூலகம் படிக்கறவங்க முதல் செமஸ்டர்ல இவர படிக்கறாங்க, நம்ம பிள்ளைங்கள்ல எத்தன பேருக்கு இவர தெரியும்னு கேட்டு பாருங்க.

இந்த ரெண்டு விதியையும் நடத்தணும்னா புத்தகத்தையும் தெரிஞ்சிருக்கணும் பிள்ளையையும் தெரிஞ்சிருக்கணும். என்எல்பி, அதாவது பொது நூலகங்கள நடத்தற தேசிய நூலக வாரியம், அங்க இருக்கற ஆளுங்க புத்தகம் தெரிஞ்சவங்க, ரொம்ப நல்லாவே தெரிஞ்சவங்க, ஆனா உங்க பொண்ணு அடுத்த வாரம் சயின்ஸ்ல என்ன படிக்கப் போறா, போன மாசம் எந்த புக்க பாதியில விட்டா, இது அவங்களுக்கு தெரிய வழியே இல்ல. அதனால தான் "பக்கத்துலயே பெரிய லைப்ரரி இருக்கே, ஸ்கூல்ல எதுக்கு"ங்கற வாதம் எனக்கு ஒத்து வர மாட்டேங்குது.

[திரையில்: செகண்டரி மாணவர்கள், மடிக்கணினி]

செகண்டரிக்கு வந்தா வேலை மாறுது. 2021 முடியறதுக்குள்ள எல்லா செகண்டரி பிள்ளைங்க கையிலயும் ஆளுக்கொரு கருவி வந்துடுச்சு, அதனால தகவல் கிடைக்கறது பிரச்சனையே இல்ல, எத நம்பறதுங்கறது தான் தலைவலி. என்எல்பி 2013லயே ஷூர்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க, எங்கேர்ந்து வந்துச்சு பாரு, புரிஞ்சுக்கோ, இன்னும் தேடு, எடை போடுன்னு நாலு படி. நல்ல விஷயம், ஆனா அசெம்பிளியில ஒரு பேச்சு கேட்டு இது வராது. பிள்ளை ப்ராஜெக்ட் பண்ற நேரத்துல பக்கத்துல ஒருத்தர் நின்னு "இந்த வெப்சைட்ட யாரு நடத்தறாங்க, கீழ போய் பாரு"ன்னு சொன்னா தான் வரும். இப்ப ஏஐ கிட்ட கேட்டா இல்லாத புத்தகத்துக்கு தலைப்பு, ஆசிரியர், வருஷம் எல்லாம் போட்டு அழகா குடுக்குது, பிள்ளைங்க அப்படியே காப்பி பண்ணி வைக்கறாங்க. அத கேட்டலாக்ல ரெண்டு நிமிஷத்துல தேடிப் பாத்து "அப்படி ஒரு புக்கே கிடையாது கண்ணு"ன்னு சொல்ற ஆளு தான் லைப்ரரியன்.

இதுல டீச்சரோட கூட்டு வேற. ஹிஸ்டரி டீச்சர் ஜப்பானிய ஆக்கிரமிப்பு பாடம் எடுக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி லைப்ரரியில ஒரு வார்த்த சொல்லி வச்சா, வகுப்பு ஆரம்பிக்கும்போது நேர்ல கண்டவங்க நினைவுகள், மேப், படக்கதை எல்லாம் ஒரு தள்ளுவண்டியில தயாரா இருக்கும். சொல்லாம விட்டா பிள்ளைங்க எல்லாரும் ஒரே விக்கிப்பீடியா பக்கத்த தான் எழுதிட்டு வருவாங்க.

இன்னொண்ணு, பேசாத வேலை ஒண்ணு இருக்கு. புத்தகத்த தூக்கிப் போடறது. கேக்க பாவமா இருக்கும், ஆனா புளூட்டோவ இன்னும் ஒன்பதாவது கிரகம்னு சொல்ற புக்கு அலமாரியில இருந்தா அது இடத்த மட்டும் அடைக்கல, தப்பாவும் சொல்லிக் குடுக்குது. மஞ்சளாகி பூஞ்சை வாசம் வர்ற நூறு புக்குக்கு நடுவுல நல்ல புக்கு பத்து இருந்தா அந்த பத்தும் கண்ணுல படாது. களை எடுக்கத் தெரியாத லைப்ரரி ஸ்டோர் ரூம் தான்.

ரீசஸ்ல கேண்டீன்ல கூட உக்கார ஆளில்லாத பிள்ளைங்க லைப்ரரிக்கு தான் வரும், அதையும் சொல்லணும். அத கவனிச்சு "இந்த அலமாரிய அடுக்கித் தர்றியா"ன்னு ஒரு வேலை குடுக்கறவங்க எந்த கவுன்சலருக்கும் குறைஞ்சவங்க இல்ல.

[திரையில்: கேள்விக்குறி, காலி நாற்காலி]

சரி, சிங்கப்பூர்ல இந்த நாற்காலியில யாரு இருக்கா? இங்க தான் விஷயம் சிக்கலாகுது. நூலகங்களுக்கான உலக அமைப்பு இஃப்லா, 2015ல வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டியில, அதுக்குன்னு படிச்ச ஆள் இருக்கணும்னு சொல்லுது. இங்க இன்டர்நேஷனல் ஸ்கூல்கள்ல அப்படிப்பட்டவங்கள பாக்கலாம். ஆனா நம்ம அரசாங்க ஸ்கூல்கள்ல பொதுவா என்னன்னா, பாடம் நடத்தற ஒரு டீச்சருக்கு கூடுதல் பொறுப்பா லைப்ரரி, கவுன்டர பாத்துக்க ஒரு உதவியாளர், அப்புறம் சிசிஏவா, அதாவது பாடத்துக்கு வெளிய செய்யற செயல்பாடா, சேர்ந்த மாணவ நூலகர்கள். மூணு பேரும் நல்லவங்க தான், ஆனா டீச்சருக்கு மார்க்கிங் இருக்கு, உதவியாளருக்கு பாடத்திட்டம் தெரியாது, மாணவருக்கு பரீட்சை. மேல சொன்ன வேலை மூணா உடஞ்சு நடுவுல விழுந்துடுது.

இப்ப ஒருத்தர் கேக்கலாம், ஆளே இல்லாம நாம முதல் இடத்துக்கு வந்துட்டோமே, அப்புறம் எதுக்கு செலவுன்னு. நியாயமான கேள்வி. பல நாட்டுப் பிள்ளைங்களோட வாசிப்ப அளக்கற பிரல்ஸ் 2021 தேர்வுல நம்ம பிரைமரி 4 பிள்ளைங்க 587 எடுத்து உலகத்துலயே முதல், பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கான உலகத் தேர்வு பீசா 2022லயும் வாசிப்புல 543, அதுவும் முதல். மறுபக்கம் 1993ல அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல கீத் கரி லான்ஸ் குழு பண்ண ஆய்வு, நல்லா ஆள் வச்சு நடத்தற பள்ளி நூலகம் இருக்கற இடத்துல மார்க் கூடுதலா இருக்குன்னு காட்டுச்சு, ஆனா கூட இருக்குங்கறதுக்காக இதனால தான் அதுன்னு சொல்லிட முடியாது, வசதியான ஸ்கூல்ல ரெண்டுமே இருக்கும்ல. ஆக மார்க்க வச்சு சண்ட போட்டா முடிவே வராது.

ஆனா நம்ம ஆளுங்க ஒண்ண கவனிக்கணும். அந்த 587 இங்கிலீஷ்ல எடுத்தது. தமிழ்ல நம்ம பிள்ளைங்க எப்படி வாசிக்கறாங்கன்னு பிரல்ஸ் அளக்கல.

[திரையில்: அலமாரி, கீழ் தட்டு, 894.811]

இந்த நம்பர பாத்து வச்சுக்கோங்க. நூலகத்துல புத்தகத்த பாடவாரியா நம்பர் போட்டு அடுக்கற டூயி முறையில தமிழ் இலக்கியத்துக்கு 894.811. நிறைய ஸ்கூல்ல இந்த நம்பர் இருக்கற தட்டு மூலையில தான் இருக்கும், குனிஞ்சு பாக்கணும். உதவியாளருக்கு தமிழ் படிக்கத் தெரியலன்னா புக்கு தலைகீழா நின்னாலும் தெரியாது. கேட்டலாக்ல தலைப்ப இங்கிலீஷ் எழுத்துல போடுவாங்க, ஒருத்தர் ஒரு மாதிரி ஸ்பெல்லிங், பிள்ளை இன்னொரு மாதிரி தட்டுது, புக்கு உள்ளயே இருந்தும் "இல்லை"ன்னு வருது. ழகரத்துக்கு எந்த எழுத்த போடறதுன்னு தெரியாம தொலைஞ்ச புக்கு எத்தனையோ.

அதவிட பெரிய சிக்கல் வேற. செகண்டரி 1 பொண்ணு இங்கிலீஷ்ல அறநூறு பக்க ஃபேன்டஸிய ரெண்டு நாள்ல முடிக்கறா. தமிழ்ல அவளால சிரமமில்லாம படிக்க முடியறது பிரைமரி 3, 4 அளவு தான். அந்த அளவுல இருக்கற புக்கெல்லாம் காக்கா நரி கதை. அவ மூளைக்கு அது அவமானம், அவ மூளைக்கு ஏத்த நாவல எடுத்தா சின்ன எழுத்து, ஊர் வழக்கு, பத்து வரிக்குள்ள மூடி வச்சுடறா. மொழி எளிமையா, விஷயம் பெரிய பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி இருக்கற தமிழ்ப் புத்தகம் ரொம்ப கம்மி, இருக்கறத தேடிப் பிடிச்சு வாங்கறதுக்கு ஒரு ஆளு வேணும். சப்ளையர் பெட்டி கட்டி அனுப்பறத அப்படியே அடுக்கினா இந்தப் பொண்ணு கண்டிப்பா வர மாட்டா.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, மொத்த சிங்கப்பூர்வாசிகள்ல வீட்ல அதிகமா தமிழ் பேசறவங்க 2.5 சதவீதம். வீட்ல கேக்காத மொழி ஸ்கூல்ல ஒரு பாடமா மட்டும் இருந்தா அது பரீட்சை மொழியாவே நின்னுடும். தமிழ் டீச்சர்களுக்கு இது தெரியாம இல்ல, தாய்மொழி இருவார நிகழ்வுல அவங்க படற பாடு எனக்கு தெரியும், ஆனா ரெண்டு வாரம் முடிஞ்சதும் அந்த டிஸ்ப்ளேவ கழட்டி பெட்டியில வச்சுடறாங்க. காலையில கதை புக்கு படிக்க ஒதுக்கற நேரம், யூஎஸ்எஸ்ஆர்னு பிள்ளைங்க சொல்வாங்க, சோவியத் யூனியன் ஞாபகம் வந்தா உங்க வயசு தெரிஞ்சுடுச்சு, அதுல வாரத்துல ஒரு நாள் தமிழுக்குன்னு வச்சா என்ன குறைஞ்சுடும்?

காசு பெருசா தேவைப்படாத மாத்தம் சிலது இருக்கு லா. புக்கோட முதுகு இல்லாம அட்டை முன்னாடி தெரியற மாதிரி நிறுத்தறது, தமிழ்ல இது பெரிய வித்தியாசம், ஏன்னா முதுகுல இருக்கற சின்ன எழுத்த படிக்கறதே பிள்ளைக்கு ஒரு வேலை. தமிழ் முரச இங்கிலீஷ் பேப்பருக்கு பக்கத்துலயே வைக்கறது. மாணவ நூலகர்கள்ல ரெண்டு தமிழ்ப் பிள்ளைங்கள சேர்த்து அந்தத் தட்டு உன் பொறுப்புன்னு குடுக்கறது. உள்ளூர் எழுத்தாளர்கள் எழுதினத முன்னாடி வைக்கறது, கதையில வீவக அடுக்குமாடி புளோக்கும் பேருந்து முனையமும் வந்தா நம்ம பிள்ளை நிமிந்து உக்காரும். தேட இடம் வேணும்னா சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் இருக்கு, 2015ல முடிச்சாங்க, ஐம்பது வருஷத்து சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் மின்வடிவத்துல, என்எல்பி மூலமா படிக்கலாம்.

பெத்தவங்களுக்கு ரெண்டு விஷயம். முதல்ல, வீடு மாறும்போது பரண்ல இருந்த பழைய வார இதழையும் ஜோசிய புக்கையும் ஸ்கூலுக்கு தானம் பண்ணாதீங்க, அத பிரிச்சு அடுக்க அங்க ஆளில்ல. ரெண்டாவது, அடுத்த தடவ பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு போனா மார்க்கு பேசி முடிச்சதும் எம்ஆர்எல் பக்கம் ஒரு எட்டு போய், தமிழ்ப் புத்தகத்த யாரு தேர்ந்தெடுக்கறாங்க, கடைசியா எப்ப வாங்கினாங்கன்னு கேளுங்க. சண்ட போடற மாதிரி வேணாம், சும்மா கேளுங்க. பெத்தவங்க கேட்டாங்கன்னு சொன்னா அந்த டீச்சருக்கு பட்ஜெட் கேக்கும்போது கொஞ்சம் பலம்.

என்ன பதில் வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க, ஸ்கூல் பேர் வேணாம், பிரைமரியா செகண்டரியான்னு மட்டும் போதும். நிறைய வந்துச்சுன்னா அடுத்த வீடியோல பதிமூணு வயசுக்கு ஏத்த தமிழ்ப் புத்தகம் தேடற வேலைய சேர்ந்தே பண்ணலாம்.