குளோனிங்: கருமுட்டை எந்தத் தெருவிலிருந்து வரும்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவருடைய உடல் செல்லிலிருந்தே அவரைப் போன்ற இன்னொருவரை உருவாக்குவதுதான் குளோனிங். மனிதனை அந்த முறையில் உருவாக்கலாமா, கூடாதா? கடவுளின் வேலையில் மனிதன் கை வைக்கலாமா என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். அறிவியலுக்கு அணை போடலாமா என்று மறுசாரார் கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். நான் வடசென்னையில் தாய்சேய் நலப் பணியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த இரு சாராரும் ஓர் ஆளை மறந்துவிட்டே பேசுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. கருமுட்டை கொடுக்கிற பெண்ணைச் சொல்கிறேன். இன்றைய உரை அவளைப் பற்றியது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணின் கருமுட்டையை எடுத்து, மரபணுக்கள் இருக்கும் அதன் உட்கருவை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி நீக்குகிறார்கள். யாரைப் போல வேண்டுமோ அவருடைய உடல் செல் ஒன்றை அந்த முட்டையோடு சேர்த்து, மெல்லிய மின்சாரம் பாய்ச்சி இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். விந்தணு தேவையில்லை. தந்தை தேவையில்லை. ஆனால் முட்டை இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. ஒன்றிரண்டு முட்டையும் போதாது.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகில் உள்ள ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தில், 1996 ஜூலை 5 அன்று டோலி என்ற செம்மறிக் குட்டி பிறந்தது. வளர்ந்த ஓர் ஆட்டின் மடி செல்லிலிருந்து வந்த குட்டி. அதற்காக 277 முட்டைகளில் செல்லை இணைத்தார்கள். கருவாக வளர்ந்தவை 29. அவற்றை 13 ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள். உயிரோடு பிறந்தது டோலி மட்டுமே. 2018இல் சீனாவின் ஷாங்காய் நகரத்திலிருந்து குளோனிங் குரங்குக் குட்டிகள் பற்றிய செய்தி வந்தது. 79 கருக்களை 21 பெண் குரங்குகளின் வயிற்றில் வைத்து இரண்டு குட்டிகளைப் பெற்றார்கள். அதுவும் பிறவாத குரங்குக் கருவின் செல்லை வைத்துச் செய்தது. வளர்ந்த குரங்கின் செல்லிலிருந்து உருவாக்கிய இரண்டு குட்டிகள் பிறந்து சிறிது நேரத்திலேயே இறந்துவிட்டன.

நம் நாட்டிலும் ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆய்வு நிறுவனம் 2009இல் எருமைக் கன்றைக் குளோனிங் முறையில் பிறக்க வைத்தது. முதல் கன்று சில நாளில் இறந்தது. பிறகு பிறந்த கரிமா என்ற கன்று இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது. பாராட்ட வேண்டிய உழைப்பு அது. ஆனால் அந்த ஆய்வுக்கு வேண்டிய முட்டைகள் எங்கிருந்து வந்தன? இறைச்சிக் கூடத்தில் வெட்டப்பட்ட எருமைகளின் சினைப்பைகளிலிருந்து வந்தன. நம் புளியந்தோப்பு ஆடுதொட்டியைப் போன்ற ஓர் இடம். எருமைக்கு அப்படி ஒரு வழி உண்டு. மனித முட்டைக்கு அப்படி ஒரு கிடங்கு கிடையாது. உயிரோடு இருக்கிற, பெரும்பாலும் பணத்தேவையில் இருக்கிற, இளம் பெண்ணின் வயிற்றிலிருந்துதான் அதை எடுத்தாக வேண்டும்.

குழந்தையைப் பிறக்க வைப்பதற்கான குளோனிங் கூடாது என்பதில் உலகம் ஏறக்குறைய ஒருமித்து நிற்கிறது. டோலியை உருவாக்கிய குழுவின் தலைவர் இயன் வில்மட்டே மனிதரிடம் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்று எழுதினார். மனித மரபணுத் தொகுதி பற்றிய யுனெஸ்கோவின் 1997ஆம் ஆண்டுப் பிரகடனமும் கூடாது என்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகளும் இதைத் தடை செய்திருக்கின்றன. குறையோடு பிறக்கும் குழந்தைகள், பிறந்து இறக்கும் குழந்தைகள், கர்ப்பம் கலைந்து கலைந்து உடல் நொந்த தாய்மார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே போதும், அதற்குமேல் வாதம் வேண்டியதில்லை.

ஆனாலும் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதை நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். கடலுக்குப் போன மகன் திரும்பி வராத ஒரு தாய், காசிமேட்டில், அவன் சீப்பில் இருந்த முடியை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். தொலைக்காட்சியில் ஏதோ பார்த்துவிட்டு, "நர்ஸம்மா, இதை வைத்து அவனைத் திரும்பப் பெற முடியுமா?" என்று கேட்டார். உதிர்ந்த முடியில் உயிருள்ள செல் இல்லை என்ற பதிலை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேறொன்றைச் சொன்னேன். அப்படியே ஒரு குழந்தை பிறந்தாலும், அது காலம் தாழ்ந்து பிறந்த இரட்டைப் பிள்ளையாகத்தான் இருக்கும். நம் தெருவில் எத்தனை இரட்டையர்கள் இருக்கிறார்கள்! ஒரே முகம், ஆனால் ஒருவன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான், இன்னொருவன் தையல் கடை வைத்திருக்கிறான். குணம் வேறு, கோபம் வேறு. அந்தக் குழந்தையை ஊரே "அவன் இப்படிச் சாப்பிட மாட்டானே, அவன் இப்படிச் சிரிப்பானே" என்று அளந்துகொண்டிருக்கும். தன் பேரில் வாழ ஒரு நாள் கிடைக்காது அதற்கு. அந்தத் தாய் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாம், அது பாவம்தான்" என்றார்.

சண்டை உண்மையில் நடப்பது இரண்டாவது வகைக் குளோனிங்கில். குழந்தையைப் பிறக்க வைப்பதில்லை. கருவைச் சில நாள் ஆய்வகத்தில் வளர்த்து, அதிலிருந்து குருத்தணுக்களை, அதாவது எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஆரம்பநிலைச் செல்களை, எடுத்து, நோயாளியின் உடல் ஏற்றுக்கொள்ளக்கூடிய திசுக்களை உருவாக்குவது. சர்க்கரை நோய், நடுக்குவாதம், தண்டுவடக் காயம் இவற்றுக்கெல்லாம் மருந்தாகும் என்ற நம்பிக்கை. 2005 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, மனித மாண்புக்கு ஒவ்வாத எல்லாவகை மனிதக் குளோனிங்கையும் தடை செய்யும்படி நாடுகளைக் கேட்டுக்கொள்ளும் பிரகடனத்தை வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரவு 84, எதிர்ப்பு 34, நடுநிலை 37. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. குழந்தை உருவாக்கும் குளோனிங்கை நாங்களும் எதிர்க்கிறோம், ஆனால் மருத்துவ ஆராய்ச்சிக்கான கதவை அதோடு சேர்த்து மூட முடியாது என்பது நம் நாட்டின் நிலைப்பாடு.

அந்தப் பிரகடனத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு வரி இருக்கிறது. உயிரியல் அறிவியலின் பயன்பாட்டில் பெண்கள் சுரண்டப்படுவதைத் தடுக்க நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அந்த வரி. மற்ற வரிகளுக்காக உலகம் அத்தனை சண்டை போட்டது. இந்த வரிக்கு ஏன் போடவில்லை என்பதே என் ஆதங்கம்.

ஏனென்றால் அப்போதே தென்கொரியாவில் அந்தச் சுரண்டல் நடந்துகொண்டிருந்தது. ஹ்வாங் வூ சுக் என்ற விஞ்ஞானி, குளோனிங் மூலம் மனிதக் குருத்தணுக்களைப் பெற்றுவிட்டதாக 2004இலும் 2005இலும் அறிவித்தார். நாடே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தம் முட்டைகளைத் தருவதாகத் தாமே முன்வந்தார்கள். பிறகு எல்லாம் பொய் என்று தெரிந்தது. 2006 தொடக்கத்தில் அவருடைய கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. மோசடி வெளியானதை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த ஆய்வுக்கூடம் 2,000க்கும் மேற்பட்ட முட்டைகளைப் பெண்களிடமிருந்து வாங்கியிருந்தது. அவர்களில் சிலர் பணம் பெற்றவர்கள். சிலர் அவருக்குக் கீழே வேலை பார்த்த இளம் ஆய்வாளர்கள். மேலதிகாரியின் ஆராய்ச்சிக்கு முட்டை கொடுக்க மாட்டேன் என்று அந்தப் பெண்ணால் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

இதை வடசென்னையில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு உடனே சிறுநீரகம் நினைவுக்கு வருகிறது. சிறுநீரக விற்பனை மலிந்து வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வாங்கிக்கொடுத்த காலத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது, விற்பனை குற்றமானது. ஆனால் 2004 சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றிருப்பது 2007இல் நாடு முழுவதும் செய்தியானது. சட்டம் இருந்தது. கடனும் இருந்தது. கொடுங்கையூரில் ஊரின் குப்பையும் எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலும் வந்து சேர்கிற பகுதி இது. உடலுறுப்புக்குத் தேவை என்று வந்தால் தேடி வருவதும் இங்கேதான்.

முட்டை எடுப்பது சிறுநீரகம் எடுப்பது போல அல்ல என்று சொல்வார்கள். உண்மைதான், அல்ல. ஆனால் ஒன்றுமே இல்லாததும் அல்ல. இயல்பாக மாதத்துக்கு ஒரு முட்டை முதிர்கிறது. பல முட்டைகள் வேண்டுமென்றால் பத்து நாள், பன்னிரண்டு நாள் தினமும் ஹார்மோன் ஊசி. முதிர்ந்த பிறகு இன்னொரு ஊசி. அதிலிருந்து ஒன்றரை நாளில் மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசியைச் சினைப்பைக்குச் செலுத்தி உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்கு அதன்பின் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் சேர்ந்து, மூச்சு வாங்கும். அரிதாக உயிருக்கே ஆபத்து.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் அப்படி வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். புடவைக் கொசுவத்தைத் தளர்த்திக் கட்டியிருந்தாள், ஏனென்றால் வயிறு உப்பி இறுகியிருந்தது. தொப்புளுக்குக் கீழே ஊசித் தழும்புகள், நீலமும் மஞ்சளுமாக. கர்ப்பமா என்று கேட்டேன். தலையாட்டினாள், இல்லை என்று. ஊசி மருந்தைப் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், மீன் வைக்கும் தட்டுக்கு மேலே வைத்திருந்ததாகச் சொன்னாள். மாமியாருக்குத் தெரியாது. அடகில் இருந்த தோட்டையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் அந்தப் பணத்தில் முடித்திருந்தாள். "மாதாமாதம் வீணாகப் போவதுதானே என்று அந்த அக்கா சொன்னாங்க" என்றாள். அந்த அக்கா என்பவர் தரகர். எத்தனை முட்டை எடுத்தார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. யாருக்குப் போனது? தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது? அது ஆங்கிலத்தில் இருந்தது. மூச்சுத் திணறல் வந்து, முட்டை எடுத்த இடத்துக்கே போனபோது, அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் முட்டை குழந்தையில்லாத் தம்பதிக்குத்தான் போயிருக்கும், குளோனிங்குக்கு அல்ல. ஆனால் குளோனிங் ஆராய்ச்சி பெரிதாக வளர்ந்தால் முட்டை வேறு எந்த வழியில் வரும்? அதே தரகர், அதே சந்து, அதே ஆங்கிலத் தாள்.

இப்போது சட்டம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி 23 முதல் 35 வயதுள்ள பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் முட்டை தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. முட்டையை விற்பது குற்றம். அவளுக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். நல்ல சட்டம், மனதார வரவேற்கிறேன். அடுத்த ஆண்டே, 2022இல், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதார் அட்டையோடு அழைத்துச் சென்று முட்டை விற்க வைத்த வழக்கு வெளியே வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கொரியாவின் 2,000 முட்டைகளை நம் சட்டத்தின் ஏழால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 286 பெண்கள் வருகிறார்கள். ஒரே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்றுமே கிடைக்காத ஒரு முயற்சிக்கு.

கூலியாவது கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவருக்குக் கட்டணம், விஞ்ஞானிக்குச் சம்பளம், முட்டை கொடுத்தவள் மட்டும் சேவை செய்ய வேண்டுமா? இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், ஆராய்ச்சிக்கான முட்டைக்குச் செலவுத்தொகை தவிர எதுவும் தரக்கூடாது என்று 2006இல் சட்டம் போட்டது, 2019இல் அந்தத் தடையை நீக்கிவிட்டது. நியூயார்க் மாநிலம் 2009இல் பணம் தரலாம் என்றது. நான் கலிபோர்னியாவின் அந்தப் பழைய சட்டத்தின் பக்கம் நிற்கிறேன். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது எடுக்கும் முடிவை விருப்பம் என்று சொல்ல என்னால் முடியாது. தொகை ஏற ஏற, மறுக்கும் வலிமை குறையும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அறிவியலே இதற்கு ஒரு மாற்று வழியையும் திறந்திருக்கிறது. ஜப்பானின் ஷின்யா யமனகா 2006இல் எலியின் தோல் செல்லை, 2007இல் மனிதத் தோல் செல்லை, நான்கு மரபணுக்களைக் கொண்டு குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டினார். முட்டை வேண்டாம், கரு வேண்டாம். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஓரிகானில் குளோனிங் முறையிலும் மனிதக் குருத்தணுக்களைப் பெற்றுவிட்டார்கள், ஹ்வாங் பொய்யாகச் சொன்னதை உண்மையாகவே செய்தார்கள். அப்போதும் பெண்களின் முட்டைகள் தேவைப்பட்டன. தோலில் முடிகிற வேலைக்குச் சினைப்பையைத் தேடிப் போக வேண்டியதில்லை. தோல் செல்லால் முடியவே முடியாது என்று நிரூபிக்கும் பொறுப்பை, முட்டை கேட்கும் ஆய்வாளரிடமே வைக்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களில் பொதுமக்கள் சார்பில் ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்த நாற்காலியில் முட்டை கொடுத்த பெண் ஒருத்தி உட்கார வேண்டும். வியாசர்பாடியிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ வந்தவளாக இருக்கட்டும். தாளைத் தமிழில் கேட்பாள். எத்தனை ஊசி, எத்தனை முட்டை, மிச்சம் எங்கே போகும், மூச்சுத் திணறினால் இரவு யாருக்குத் தொலைபேசியில் அழைப்பது என்று கேட்பாள்.

கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளில் யாரிடமாவது இப்போது ஒரு தரகர் பேசிக்கொண்டிருந்தால், முதல் ஊசி போடும் முன்பே காப்பீட்டுத் தாளைக் கையில் வாங்குங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் என்னைப் போன்ற ஒரு செவிலியர் இருப்பார், அவரிடம் பேசுங்கள்.

வணக்கம்.