டிக்கெட் எங்கே எடுத்தீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மேசைக்கு வந்த பில்களில் ஒன்று இன்னும் மனதில் உறுத்துகிறது.

எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவர், எல்டிசி (அரசு ஊழியர் விடுப்பில் சுற்றுலா போக அரசு தரும் பயணச் சலுகை) முன்பணம் வாங்கி, குடும்பத்தோடு சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் போய்வந்தார். ரயிலில் போகத் தகுதியுள்ளவர்களும் அந்தமான், வடகிழக்கு, காஷ்மீர் போன்ற இடங்களுக்கு விமானத்தில் போகச் சலுகை உண்டு. டிக்கெட் உண்மை, கட்டணமும் நியாயம். ஆனால் எடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தனியார் ஏஜென்சியில். அதனால் பில் நிராகரிக்கப்பட்டது, முன்பணம் முழுவதையும் சம்பளத்தில் பிடித்தோம். அந்தக் கோப்பில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

விதி தெளிவானது. அரசுச் செலவில் விமான டிக்கெட் எடுக்க பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி என மூன்றே நிறுவனங்கள். மூன்றும் பொதுத்துறையைச் சேர்ந்தவை. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா கைக்குப் போனதும், ஏர் இந்தியாவில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் போய், எந்த நிறுவன விமானத்திலும் போகலாம் என்றாயிற்று. ஏஜென்சி விஷயத்தில் மட்டும் அரசு இறங்கிவரவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. சில தனியார் ஏஜென்சிகள் என்ன செய்தன தெரியுமா? டிக்கெட் விலையைக் கூட்டி பில் போடும். அந்தக் கூடுதல் பணத்தில் ஓட்டல் அறை, சாப்பாடு, கார் எல்லாம் ‘இலவசம்’. சில சமயம் கையில் ரொக்கமும் வரும். போகாத பயணத்துக்குப் போலி போர்டிங் பாஸ் தந்தவர்களும் உண்டு. 2022-இல் முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரே இப்படிப்பட்ட போலி டிக்கெட் வழக்கில் தில்லி நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். அதெல்லாம் மக்கள் வரிப்பணம். கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் ஏமாற்றியவரையும் தெரியாமல் எடுத்தவரையும் ஒரே தராசில் வைக்கலாமா? விதியைத் தளர்த்தச் சொல்லித் துறை வழியாக எழுத வழி உண்டுதான். கீழ்நிலை ஊழியருக்கு அதை யார் சொல்லித் தருகிறார்கள்? விமான நிறுவனத்திடமே கட்டணத்தைச் சரிபார்த்து, அன்றைய நியாயமான தொகையை மட்டுமாவது கொடுக்கலாமே.

அப்புறம், எல்டிசி முன்பணம் தரும் ஆணையின் முதல் வரியிலேயே அந்த மூன்று பெயர்களையும் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். எங்கள் உதவியாளர் கையில் இருந்த ஆணையில் அந்த வரி இல்லை.

நன்றி, வணக்கம்.