போசிக்குத் தாம்பூலம்

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வறண்டு வீசும் பக்கம். மாசி பிறந்தால் ஊரில் ஒரே வழக்கு: வீட்டுக்குள் சூடு இறங்காமலிருக்க மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதா, மேலே பளபளவென்று தகரம் போடுவதா?

போன வருஷம் சமையலறையில் ஒரு வேலை செய்து பார்த்தேன். இன்ஜின் சூடு பார்க்கிற அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி, எவர்சில்வர் போசியில் தண்ணீர் கொதிக்கும்போது அதன் பக்கவாட்டில் காட்டினேன். 40-ஐச் சுற்றியே நின்றது. கருவி கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன். போசியில் ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி அதன்மேல் காட்டினால், 90-ஐத் தாண்டியது! பிறகு அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப் பக்கத்தில் தடவினேன். “என்னடா, போசிக்குத் தாம்பூலமா?” என்றார். வெள்ளைச் சுண்ணாம்பு காய்ந்ததும் ஏறக்குறைய கருப்பு டேப் அளவே காட்டியது.

கருவி பொய் சொல்லவில்லை. போசியிலிருந்து வருகிற வெப்பக் கதிரைத்தான் அது அளக்கிறது. பளபளப்பான உலோகம் எவ்வளவு கொதித்தாலும் கதிரை வெளியே விடுவதில் மகா கஞ்சன். ஒரு பொருள் எந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சுமோ, அதே அலைநீளத்தைத்தான் நன்றாக உமிழும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப் 1859-இல் சொன்னார். முக்கியமான சொல் ‘அதே’. வெயில் உச்சமாக வரும் அலைநீளம் சுமார் 0.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). சுட்ட கூரை உமிழ்வதோ 10 மைக்ரான் பக்கம். முன்னதற்குச் சுண்ணாம்பு வெள்ளை, பின்னதற்கு அதுவே கன்னங்கரேல். வெயிலைத் திருப்பி அனுப்பும். வாங்கிய கொஞ்சத்தையும் வானத்துக்கு விட்டுவிடும். மேகமில்லாத இரவில் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும்.

புதுத் தகரமும் வெயிலைத் திருப்பும்தான். ஆனால் உள்ளே ஏறிய சூட்டை விடாது. அதனால்தான் மத்தியானம் அதில் கை வைக்க முடிவதில்லை.

ஏற்கெனவே தகரம் போட்டவர்கள் கழற்ற வேண்டாம். சுண்ணாம்பு அதில் நிற்காது. மேல்பக்கம் வெள்ளை பெயின்ட் அடியுங்கள். அலுமினிய பெயின்ட் வேண்டாம், அதுவும் கஞ்சன் ஜாதி. உள்பக்கத்தை மட்டும் தொடாதீர்கள், பளபளப்பாகவே இருக்கட்டும். அந்தக் கஞ்சத்தனம் அங்கே நமக்கு லாபம்: கீழே கட்டில் போட்டுப் படுத்திருப்பவர் தலையில் சூட்டைக் கொட்டாது.